தொலைவும் பொழுதும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

"ஊர் எவ்வளவு தொலைவு?" என்று கேட்டால், "இரண்டு மணி நேரம் ஆகும்" என்று விடை சொல்வது நம் வழக்கம். தொலைவைக் கேட்டவருக்குப் பொழுது விடையாகக் கிடைக்கிறது. பசிபிக் பெருங்கடலில் உள்ள இரு தீவுகளுக்கு இடைப்பட்ட கடல்வெளியை வானூர்தி ஆறு மணி நேரத்தில் கடக்கிறது. பாய்மரக் கலமோ ஒரு மாதத்தில் கடந்தது. இரண்டிற்கும் பின்னே கணக்கு இருக்கிறது. ஒரு கணக்கு ஏட்டில் எழுதப்பட்டது. மற்றொன்று மனத்தில் எழுதப்பட்டது. அவ்விரண்டையும் அறிமுகப்படுத்துகிறது இப்பாடம்.

தொலைவைச் சொன்ன சொற்கள்

அளவுகோல்கள் பரவுவதற்கு முன்பே தமிழர் தொலைவைச் சொல்லத் தெரிந்திருந்தனர். குரல் சென்று சேரும் எல்லை கூப்பிடு தூரம். கை வீசிய கல் விழும் எல்லை கல்லெறி தூரம். ஒரு நாழிகை நேரம் நடந்து கடக்கும் தொலைவு நாழிகைவழி எனப்பட்டது. நாழிகை என்பது 24 நிமிடம். காலத்தின் அளவே இங்கு வழியின் அளவாகவும் நிற்கிறது.

நிலத்தில் நடப்பவர்க்கு இவ்வளவை போதும். வழியில் மரமும் மண்டபமும் ஊரும் அடையாளங்களாக நிற்கும். நான்கு புறமும் நீரே சூழ்ந்த தீவில் வாழ்பவர் அடுத்த தீவின் தொலைவை எவ்வாறு அறிவர்? அடையாளம் எதுவுமில்லாத கடல்வெளியில் எவ்வளவு கடந்தோம், இன்னும் எவ்வளவு உள்ளது என்பதை எதைக்கொண்டு அளப்பர்? இவ்வினாவிற்கு விடை காண, பசிபிக் பெருங்கடலின் இரு தீவுகளை எடுத்துக்கொள்வோம்.

இரு தீவுகள்

ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் ஓஹூ தீவில் ஹொனலுலு நகர் உள்ளது. நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே, பிரெஞ்சு பாலினீசியாவின் டஹீட்டித் தீவில் பப்பீட்டே நகர் உள்ளது. ஹொனலுலுவின் பன்னாட்டு வானூர்தி நிலையத்திற்கும், பப்பீட்டேயின் ஃபா வானூர்தி நிலையத்திற்கும் இடையே பரந்து கிடப்பது ஏறத்தாழ முழுவதும் கடலே.

மலைகள் எழுந்து நிற்கும் இத்தீவுகளில் நீண்ட சமவெளி அரிது. எனவே, ஓடுபாதைக்கான நிலத்தையும் கடலிடமே கேட்டுப் பெற வேண்டியிருந்தது. டஹீட்டியில் கரையை ஒட்டிய பவளப்பாறைத் திட்டின்மீது நிலம் நிரவி அமைக்கப்பட்ட ஓடுபாதை 1960ஆம் ஆண்டு பயன்பாட்டிற்கு வந்தது. அதற்குமுன் அங்கு வந்தவை நீரில் இறங்கும் வானூர்திகளே. ஹொனலுலுவிலும் 1977ஆம் ஆண்டு பவளப்பாறைத் திட்டின்மீது மற்றோர் ஓடுபாதை அமைக்கப்பட்டது.

தொலைவைக் காணும் கணக்கு

இரு நிலையங்களின் இருப்பிடத்தை அறிந்தால் அவற்றின் இடைத்தொலைவைப் பள்ளிக் கணக்கறிவு கொண்டே காணலாம். ஹொனலுலு நிலையம் 21.3 பாகை வடக்கு அட்சத்தில் உள்ளது. ஃபா நிலையம் 17.6 பாகை தெற்கு அட்சத்தில் உள்ளது. ஒன்று நிலநடுக்கோட்டிற்கு வடக்கிலும் மற்றொன்று தெற்கிலும் இருப்பதால் இவற்றைக் கூட்ட வேண்டும். கூட்டினால் 38.9 பாகை. ஓர் அட்சப் பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆகவே, வடக்குத் தெற்காக உள்ள தொலைவு 4,318 கிலோமீட்டர்.

தீர்க்கக்கோட்டின்படி ஹொனலுலு 157.9 பாகை மேற்கிலும், ஃபா 149.6 பாகை மேற்கிலும் உள்ளன. வேறுபாடு 8.3 பாகை. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் ஒரு தீர்க்கப் பாகையும் ஏறத்தாழ 111 கிலோமீட்டரே. எனவே, கிழக்கு மேற்காக உள்ள தொலைவு 921 கிலோமீட்டர். இவ்விரண்டையும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டு பித்தாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தினால், கர்ணம் ஏறத்தாழ 4,415 கிலோமீட்டர் எனக் கிடைக்கும்.

புவி தட்டையானதன்று. கோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, புவியின் மையத்தை மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு பகுதியாகும். அம்முறையில் கணக்கிட்டாலும் ஏறத்தாழ 4,414 கிலோமீட்டரே வருகிறது. நிலநடுக்கோட்டின் இருமருங்கிலும் தீர்க்கக்கோடுகள் ஏறக்குறைய இணையாகச் செல்வதால், இவ்வழியில் எளிய கணக்கும் பொய்ப்பதில்லை. துருவத்தை ஒட்டிய ஊர்களுக்கு இக்கணக்கைப் பயன்படுத்தினால் விடை பெரிதும் பிழைபடும்.

வானூர்தி வலவரும் மாலுமிகளும் தொலைவைக் கடல் மைலில் கூறுவர். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு புவிப்பரப்பில் எவ்வளவு நீளமோ, அதுவே ஒரு கடல் மைல். இன்றைய வரையறையில் 1.852 கிலோமீட்டர். ஹொனலுலுவிலிருந்து பப்பீட்டே ஏறத்தாழ 2,383 கடல் மைல். வானத்தின் கோணமே கடலின் அளவாக மாறிய கதை இவ்வலகினுள் அடங்கியிருக்கிறது.

பயண நேரம்

தொலைவு மாறாதது, பயண நேரம் மாறக்கூடியது. காற்றில்லாத நிலையில் மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் வானூர்தி, 4,414 கிலோமீட்டரை 5 மணி 12 நிமிடத்தில் கடக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், தரையைப் பொறுத்த வேகம் 800 ஆகக் குறைந்து, 5 மணி 31 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னிருந்து உந்தினால் 4 மணி 54 நிமிடம் போதும்.

பயணச்சீட்டில் காணும் நேரம் இதனினும் மிகுதி. நிறுத்துமிடத்தைவிட்டு வானூர்தி நகரத் தொடங்கியது முதல் மறுமுனையில் நிற்கும்வரை உள்ள நேரத்தையே பயண நேரமாகக் கொள்வர். ஓடுபாதைக்குச் செல்லுதல், உயரம் ஏறுதல், வேகம் குறைத்து இறங்குதல் ஆகியன சேர்ந்து ஏறத்தாழ ஆறு மணி நேரம் எனக் கொள்ளலாம்.

தெரியுமா?

ஹொனலுலுவும் பப்பீட்டேயும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன. ஆகவே, சென்றடைந்த நேரத்திலிருந்து புறப்பட்ட நேரத்தைக் கழித்தாலே பயண நேரம் கிடைத்துவிடும். ஆனால், வழிக்கு மேற்கே உள்ள கிரிபாட்டி நாட்டின் கிறிஸ்துமஸ் தீவில், மணி ஒன்றாக இருந்தாலும் நாள் வேறு. ஹொனலுலுவில் திங்கட்கிழமை காலை பத்து மணி என்றால், அங்குச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி! தன் தீவுகள் அனைத்திலும் ஒரே நாள் நிலவ வேண்டும் என்பதற்காகக் கிரிபாட்டி 1995ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இம்மாற்றத்தைச் செய்தது. அதனால், பன்னாட்டு தேதிக் கோடு அத்தீவுகளைச் சுற்றிக்கொண்டு செல்கிறது.

வழியில் இறங்கும் இடம்

நிலத்தின்மேல் பறக்கும் வானூர்தியில் பழுது ஏற்பட்டால் அருகில் ஏதேனும் ஒரு நிலையத்தில் இறக்கலாம். பெருங்கடலின் மேல் அவ்வாய்ப்பு அரிது. ஆகவே, எந்நேரத்திலும் இறங்குவதற்கு ஒரு நிலையம் எட்டும் தொலைவில் இருக்குமாறு வழியை வகுக்கின்றனர். இரட்டைப் பொறி வானூர்திகள் ஒரு பொறியால் மட்டும் பறந்து அறுபது நிமிடத்திற்குள் ஒரு நிலையத்தை அடையும்படியே செல்ல வேண்டும் என்னும் விதியை அமெரிக்கா 1953ஆம் ஆண்டு வகுத்தது. பொறிகளின் நம்பகத்தன்மை உயர உயர, 1985இல் 120 நிமிடம், 1988இல் 180 நிமிடம் என அவ்வெல்லை நீண்டது. இங்கும் பாதுகாப்பின் எல்லை கிலோமீட்டரால் அன்றி நிமிடத்தால் சொல்லப்படுவது நோக்கத்தக்கது. ஹொனலுலு–பப்பீட்டே வழியின் நடுப்பகுதியில் கிறிஸ்துமஸ் தீவின் ஓடுபாதை, வழியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் விலகி அமைந்துள்ளது.

நடுக்கடலில் இடர் நேர்ந்தால் முன்னே செல்வதா, திரும்புவதா என்பதையும் புறப்படும் முன்பே கணக்கிட்டு வைப்பர். காற்றில்லையெனில் அம்முடிவை மாற்றும் புள்ளி வழியின் சரிபாதியான 2,207 கிலோமீட்டரில் இருக்கும். மேற்சொன்ன 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால், முன்னே செல்லும் வேகம் 800, திரும்பும் வேகம் 900. அப்போது அப்புள்ளி 2,337 கிலோமீட்டருக்கு நகரும். அதாவது, பாதி வழியைக் கடந்த பின்னும் 130 கிலோமீட்டர்வரை திரும்பி வருவதே விரைவான வழி. தொலைவால் அருகில் இருப்பது பொழுதால் அருகில் இருக்க வேண்டுவதில்லை.

வானூர்திக்கு முன்னர்

இவ்வழியில் வானூர்தி பறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாலினீசிய மக்கள் தென்திசைத் தீவுகளிலிருந்து ஹவாய் வந்து குடியேறினர். அவர்களிடம் திசைகாட்டும் கருவியில்லை, கடற்படமுமில்லை. 1769ஆம் ஆண்டு ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக், டஹீட்டியில் துபாயா என்னும் வழியறிஞரைத் தம் கப்பலில் ஏற்றிக்கொண்டார். துபாயா தம் நினைவிலிருந்து எழுபதுக்கும் மேற்பட்ட தீவுகளை வரைபடத்தில் குறிக்கச் செய்தார். 1778இல் ஹவாய்த் தீவுகளை அடைந்த குக், அங்குள்ளோர் பேச்சு டஹீட்டி மக்களின் பேச்சை ஒத்திருப்பது கண்டு வியந்தார். கடலைக் குறிக்கும் 'மோஆனா' என்னும் சொல் இன்றும் இரு தீவுகளிலும் ஒன்றே.

ஆயினும், இம்மக்கள் வழியறிந்தே கடல் கடந்தனர் என்பதைப் பிற்காலத்தார் சிலர் ஏற்கவில்லை. 1947இல் தோர் ஹெயர்டால், பெருவிலிருந்து மிதவை ஒன்றில் காற்றின் போக்கிலும் நீரோட்டத்தின் போக்கிலும் 101 நாள் பயணம் செய்து பாலினீசியத் தீவொன்றை அடைந்தார். அம்மக்களின் மூதாதையர் கிழக்கிலிருந்து அவ்வாறே வந்திருக்கலாம் என்றார். 1956இல் ஆண்ட்ரூ ஷார்ப் என்னும் வரலாற்றாசிரியர், நெடுந்தொலைவுத் தீவுகளைத் தேடிச் சென்று மீளும் திறன் பண்டைய மாலுமிகளுக்கு இல்லை. காற்றில் வழிதவறியே அவற்றை அடைந்தனர் என்று எழுதினார். ஓர் இனத்தின் தலைசிறந்த அறிவு, தற்செயல் என்னும் ஒரு சொல்லால் மறுக்கப்பட்டது. மறுப்பதற்குச் சான்று காட்ட ஹவாயில் ஒருவரும் இல்லை. விண்மீன் வழியறிந்தோர் மரபு அங்கு என்றோ அற்றுப்போயிருந்தது.

ஹோகுலேயா

சொல்லுக்குச் சொல்லால் விடையிறுப்பதைவிடக் கடலிலேயே விடை காண்பது என முடிவு செய்து, 1973ஆம் ஆண்டு ஹவாயில் பாலினீசியக் கடற்பயணச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. அச்சங்கம் பண்டைய வடிவில், 62 அடி நீளமுள்ள இரட்டைப் பாய்மரக் கலம் ஒன்றைக் கட்டி 1975இல் நீரில் இறக்கியது. அதற்கு ஹோகுலேயா எனப் பெயரிட்டனர். 'மகிழ்ச்சியின் விண்மீன்' என்பது இதன் பொருள். நாம் சுவாதி என அழைக்கும் விண்மீனே அது. ஹவாயில் தலைக்கு நேர் மேலாகச் செல்வது அம்மீன்.

கலம் அணியமாயிற்று, வழியறிந்தவர் இல்லை. ஹவாய்க்கு மேற்கே பல்லாயிரம் கிலோமீட்டர் அப்பால், மைக்ரோனீசியாவின் சட்டவால் என்னும் சிறு தீவிலிருந்து மாவ் பியாய்லுக் என்பவர் அழைக்கப்பட்டார். 1932இல் பிறந்த அவர் பாட்டனாரிடம் கடல்வழிக் கல்வி பயின்றவர். ஹவாயிலிருந்து டஹீட்டி செல்லும் வழியில் அவர் அதற்குமுன் சென்றதேயில்லை.

1976 மே முதல் நாள் ஹவாயின் மாவி தீவிலிருந்து கலம் புறப்பட்டது. கடிகாரமோ திசைகாட்டியோ வழியறியப் பயன்படுத்தப்படவில்லை. டஹீட்டி, ஹவாய்க்குத் தென்கிழக்கில் உள்ளது. வியாபாரக் காற்றுகளோ கிழக்கிலிருந்தே வீசி, கலத்தை மேற்கே தள்ளுவன. எனவே, தொடக்கத்திலிருந்தே காற்றை எதிர்த்துக் கிழக்கே ஒதுங்கிச் செல்ல வேண்டியிருந்தது. நிலநடுக்கோட்டை ஒட்டிய அமைதி மண்டலத்தில் காற்றின்றிப் பாய்கள் தொய்ந்தன. இடர்கள் பலவற்றைக் கடந்து ஜூன் 4ஆம் நாள் ஹோகுலேயா பப்பீட்டே துறைமுகத்தை அடைந்தபோது, வரவேற்க ஏறத்தாழ 17,000 பேர் திரண்டிருந்தனர்.

நேர்வழித் தொலைவை நாள்களால் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர். விரைந்து நடக்கும் ஒரு மனிதரின் வேகம் அது. அந்நடையின் வேகத்தில்தான் பெருங்கடல் கடக்கப்பட்டது.

மனத்தில் எழுதிய கணக்கு

கருவியின்றி வழியறிவது எங்ஙனம்? ஒரு விண்மீன் தொடுவானில் என்றும் ஒரே இடத்தில் உதிக்கும். ஒரே இடத்தில் மறையும். ஓரிடத்தில் அடுத்தடுத்து உதிக்கும் மீன்களை வரிசையாக நினைவில் வைத்தால், இரவெல்லாம் திசை தவறாது. பகலிலும் மேகம் மூடிய இரவிலும் தொலைவிலிருந்து உருண்டு வரும் நீண்ட அலைகள் கலத்தை அசைக்கும் முறையால் திசை அறிவர்.

வடக்கு தெற்காக எவ்வளவு வந்தோம் என்பதை விண்மீன்களின் உயரம் சொல்லும். தெற்கே செல்லச் செல்லத் துருவமீன் தாழ்ந்து, நிலநடுக்கோட்டில் தொடுவானத்தில் மறையும். டஹீட்டியை நெருங்கும்போது சிரியஸ் மீன் தலைக்கு நேர் மேலாகச் செல்லும். திரும்பும்போது, தென்சிலுவையின் மேல் மீனுக்கும் கீழ் மீனுக்கும் உள்ள இடைவெளியும், கீழ் மீனுக்கும் தொடுவானுக்கும் உள்ள இடைவெளியும் சமமாகத் தோன்றினால் ஹவாயின் அட்சத்தை அடைந்துவிட்டதாகப் பொருள். வானூர்தி நிலையங்களின் அட்சத்தைக் கூட்டிக் காணும் கணக்கும் இதுவும் அடிப்படையில் ஒன்றே.

கடந்த தொலைவை அறிய மாவ் பிறந்த கரோலின் தீவுகளில் 'ஏடாக்' என்னும் முறை உண்டு. கலம் நிலையாக நிற்பதாகவும், தீவுகளே நகர்வதாகவும் வழியறிஞர் மனத்தில் கொள்வர். வழிக்குப் பக்கவாட்டில் உள்ள ஒரு தீவு, ஒவ்வொரு விண்மீன் உதிக்கும் இடத்திற்கும் நேர் கீழாகப் பின்னோக்கி நகர்வதாக எண்ணிப் பயணத்தைப் பகுதி பகுதியாக எண்ணுவர். இறுதியில் வழிகாட்டுவன பறவைகள். காலையில் இரைதேடக் கடலுக்கு வந்து மாலையில் கூடு திரும்பும் வெண்ணிற ஆலாக்கள் செல்லும் திசையில் நிலம் இருக்கும்.

கற்பிக்கப்பட்ட அறிவு

1976ஆம் ஆண்டுப் பயணம் ஓர் ஐயத்தைத் தீர்த்தது. ஆனால், டஹீட்டியிலிருந்து கலம் திரும்பியபோது மாவ் அதில் இல்லை. அவர் அறிந்ததை அறிந்த ஹவாயர் ஒருவரும் அப்போது இல்லை. 1978இல் மீண்டும் புறப்பட்ட ஹோகுலேயா, புறப்பட்ட இரவே கடலில் கவிழ்ந்தது. உதவி கொணர அலைச்சறுக்குப் பலகையில் தனியே சென்ற எட்டி ஐகாவ் என்னும் வீரர் திரும்பவேயில்லை, மற்றவர்கள் மீட்கப்பட்டனர்.

அதன்பின் நைனோவா தாம்சன் என்னும் ஹவாய் இளைஞர் மாவை நாடித் தமக்குக் கற்பிக்குமாறு வேண்டினார். வழியறிவு குடும்பத்தாருக்கும் உறவினர்க்கும் மட்டுமே உரியது என்பது மாவின் தீவு மரபு. ஆயின், அத்தீவின் இளைஞர்கள் அதனைக் கற்க முன்வரவில்லை. கற்பவர் இல்லையேல் தம்மோடு அக்கல்வி மறையும் என அஞ்சிய மாவ், தம்மவரின் குறைகூறலையும் தாங்கி, பிற இனத்தவர்க்குக் கற்பிக்க இசைந்தார்.

ஒருநாள் ஓஹூ தீவின் கடற்கரையில் நின்று, டஹீட்டி இருக்கும் திசையைக் காட்டுமாறு மாணவரைக் கேட்டார் மாவ். நைனோவா காட்டினார். அத்தீவு தெரிகிறதா என அடுத்துக் கேட்டார். கண்ணுக்குத் தீவு தெரியவில்லை, அதன் உருவம் மனத்தில் தெரிகிறது என்றார் மாணவர். அவ்வுருவத்தை இழந்தால் வழியையும் இழப்பாய் என்று ஆசிரியர் அறிவுறுத்தினார். 1980ஆம் ஆண்டு நைனோவா ஹவாயிலிருந்து டஹீட்டிக்கும், அங்கிருந்து ஹவாய்க்கும் கருவியின்றிக் கலம் செலுத்தினார். மாவும் கலத்தில் இருந்தார். மாணவர் வழியறியத் தாம் பார்த்திருந்தார். 2007இல் நைனோவா உள்ளிட்ட ஹவாயர் ஐவர்க்கும் சட்டவாலில் வழியறிஞர் பட்டம் வழங்கினார். 2010இல் மாவ் மறைந்தார். 2014 முதல் 2017 வரை ஹோகுலேயா உலகைச் சுற்றி வந்தது.

இன்று ஹொனலுலுவிலிருந்து பப்பீட்டே செல்லும் பயணி சாளரத்தின் வழியே கீழே நோக்கினால் நீலநீர் மட்டுமே தெரியும். ஒரு மாதப் பொழுதை ஆறு மணியாகச் சுருக்கிய கணக்கறிவு பெருமைக்குரியது. நடையின் வேகத்தில் அக்கடலைக் கடந்த அறிவும் அதற்குக் குறைந்ததன்று. தொலைவு 4,414 கிலோமீட்டராகவே நிற்கிறது. அதைக் கடக்கும் வழி மட்டும், ஒருவர் கற்பிக்க மற்றொருவர் கற்கும் காலம் வரையே நிலைத்திருக்கும்.

கற்பவை கற்றபின்

1. நிலப்படத்தைக் கொண்டு, நிலநடுக்கோட்டை ஒட்டிய இரு ஊர்களின் அட்ச, தீர்க்க அளவுகளைக் கண்டறிந்து, இப்பாடத்தில் கூறிய முறையில் அவற்றின் இடைத்தொலைவைக் கணக்கிடுக.
2. உங்கள் பகுதி மீனவர், உழவர், கைவினைஞர் ஆகியோருள் ஒருவரைச் சந்தித்து, கருவியின்றி அவர் அறியும் செய்தி ஒன்றைக் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.

பலவுள் தெரிக

1. 'ஹோகுலேயா' என்னும் பெயர் குறிக்கும் விண்மீன்
அ) துருவமீன் ஆ) சுவாதி இ) சிரியஸ் ஈ) தென்சிலுவை

2. பொருந்தாத இணையைக் கண்டறிக.
அ) துபாயா – டஹீட்டி ஆ) மாவ் பியாய்லுக் – சட்டவால் இ) நைனோவா தாம்சன் – ஹவாய் ஈ) ஆண்ட்ரூ ஷார்ப் – ஹோகுலேயா

குறுவினா

1. நாழிகைவழி என்பது யாது?
2. ஹொனலுலுவிற்கும் கிறிஸ்துமஸ் தீவிற்கும் மணி ஒன்றாயினும் நாள் வேறுபடுவது ஏன்?
3. கடல் மைல் – குறிப்பு வரைக.

சிறுவினா

1. எதிர்க்காற்று பயண நேரத்தையும், திரும்புதற்குரிய புள்ளியையும் எவ்வாறு மாற்றுகிறது? எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. 'ஏடாக்' முறையில் தொலைவு அறியப்படுவதை விவரிக்க.
3. மாவ் பியாய்லுக் தம் மரபை மீறிக் கற்பிக்க இசைந்ததன் காரணத்தை எழுதுக.

நெடுவினா

1. "தொலைவு மாறாதது, பயண நேரம் மாறக்கூடியது" – இக்கூற்றை வானூர்திப் பயணத்தையும் ஹோகுலேயாவின் பயணத்தையும் ஒப்பிட்டு நிறுவுக.